கொசுறு கிடையாது

போன மாதம் எங்கள் ரைஃபிள் கிளப்புக்கு ஒரு புது மெஷின் வந்து இறங்கியது. தோட்டாவுக்குள் போட வேண்டிய வெடிமருந்தைத் தானே நிறுத்து, தானே கொட்டி, சரியாக வந்ததும் 'டிங்' என்று மணியும் அடிக்கும். திறப்பு விழாவுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அந்த அறையில் முப்பது வருஷத்துக்கு மேல் கையால் மருந்து நிறுத்துவிட்டு ஓய்வு பெற்றவன் என்கிற மரியாதை. கமிட்டிக்காரர் ஒருவர் பயபக்தியோடு கற்பூரத் தட்டை ஏந்திக்கொண்டு வந்தார். வாசலிலேயே மறித்தேன். "சார், இங்க கற்பூரம் ஏத்தினா சாமி நம்மளத் தேடி வர வேணாம், நாமளே நேராப் போயிடலாம்" என்றேன். எலுமிச்சம்பழத்தோடு விழாவை முடித்துக்கொண்டார்கள்.

முடிந்தது என்றா சொன்னேன்? இல்லை. மெஷின் முதல் அளவைக் கொட்டி 'டிங்' என்றது. எனக்குக் கை ஊறியது. முதல் போணியாயிற்றே! இரண்டு விரலால் ஒரு சிட்டிகை எடுத்து அதன் மேலே போட்டுவிட்டேன். மெஷின் 'கீ கீ' என்று கத்த ஆரம்பித்தது. இப்போது அந்த அறைக்குப் பொறுப்பாளர் செல்வி. அவள் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை, குரலும் உயரவில்லை.

"ஐயா, நீங்க போய் டீ சாப்பிட்டு வாங்க."

கமிட்டிக்காரர்கள் பூரித்துப்போனார்கள். பெரியவரை என்னமாய் உபசரிக்கிறாள் இந்தப் பெண் என்று ஒருவர் தலையை ஆட்டினார். எனக்கோ காது மடல் இரண்டும் சூடாகிவிட்டன. எங்கள் அறையில் அதைவிடப் பெரிய திட்டு கிடையாது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கேட் வாசல் டீக்கடை கன்னியப்பனுக்கும் தெரியும். என் தலையைப் பார்த்ததுமே, "இன்னாபா ஏகாம்பரம், ரிட்டையர் ஆன அப்பறமுமா?" என்று சிரித்தான். அங்கே நின்றிருந்த கிளப் பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. டீக்கும் தப்புக்கும் என்ன சம்பந்தம் என்று குடைந்து எடுத்துவிட்டார்கள். ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியாகச் சொல்ல எனக்கு மூச்சு இல்லை. எழுதியே கொடுத்துவிடுகிறேன்.

நான் மளிகைக் கடைக்காரர் மகன். வாலாஜாபாத் கடைத்தெருவில் அப்பாவுக்குக் கடை. தராசு சரிமட்டமாக நின்றால் அப்பாவுக்கு மானம் போய்விடும். சாமான் தட்டு ஒரு விரற்கடையாவது தாழ வேண்டும். தாழ்ந்த பிறகும் மேலே ஒரு பிடி. பருப்பு வாங்கினால் நாலு காய்ந்த மிளகாய், வெல்லம் வாங்கினால் உடைந்த ஒரு துண்டு. அதுதான் கொசுறு. "தராசைப் பாக்காதடா, எதிர்ல நிக்கறவங்க மூஞ்சப் பாரு. மூஞ்சி மலர்ற வரைக்கும் போடு" என்பார். எட்டு வயதிலிருந்து நான் மூஞ்சியைப் பார்த்தே நிறுத்துப் பழகியவன். அப்பா போனதும் கடை அண்ணன் கைக்கு வந்தது. என் கொசுறைப் பார்த்த அண்ணன் ஒரே மாதத்தில் கையெடுத்துக் கும்பிட்டான். "நீ யாவாரம் பண்ணலடா, அன்னதானம் பண்ணிக்கினு இருக்கற. வேற எதுனா வேலையைப் பாரு."

வேறு வேலை பாலாற்றங்கரையில் கிடைத்தது. திருமுக்கூடல் போகிற வழியில், ஒரு கரட்டையே பின்சுவராக வைத்துக்கொண்டு இந்த ரைஃபிள் கிளப் இருக்கிறது. சுட்ட தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளைப் பொறுக்க ஆள் வேண்டும் என்றார்கள். முதல் இரண்டு வருஷத்தை இரண்டு சொல்லில் சொல்லிவிடலாம்: குனிந்தேன், பொறுக்கினேன். அப்புறம் உள்ளே, மருந்து அறைக்கு எடுத்துக்கொண்டார்கள். போட்டிக்குச் சுடுகிறவர்கள் கடையில் விற்கிற தோட்டாவை அவ்வளவாக நம்புவதில்லை. அதே பித்தளைக் கூட்டைச் சுத்தம் செய்து, அவரவர் துப்பாக்கிக்கு ஒத்துப்போகிற அளவில் மருந்து போட்டு, குண்டு பொருத்தி, கையாலேயே செய்து தர வேண்டும். கிளப்புக்கு அதற்கு உரிமம் உண்டு.

'மருந்து அறையில் வேலை' என்று ஊரில் சொன்னதுதான் நான் செய்த முட்டாள்தனம். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தவனைப் பிடித்து உதைக்க வேண்டும். ஒரே வாரத்தில் தெருவே எனக்கு வணக்கம் வைத்தது. சர்க்கரை எவ்வளவு இருக்கலாம் என்று கேட்டார்கள். ஓரிக்கையிலிருந்து ஒருவர் பஸ் பிடித்து வந்து, "மூட்டு வலி உயிர் போவுதுபா, உங்க மருந்து கொஞ்சம் கெடைக்குமா?" என்றார். "தாராளமா. ஆனா நம்ம மருந்துல வலி மட்டும் போவாதுங்க, மூட்டும் சேர்ந்து போயிடும்" என்றேன். அவர் அதை மருந்தின் வீரியம் என்று எடுத்துக்கொண்டு, இன்னும் இரண்டு பேரை அனுப்பிவைத்தார்.

மருந்து அறையை ஆண்டவர் பத்மாவதி மேடம். காஞ்சிபுரத்தில் பட்டு வியாபாரம் செய்யும் தெலுங்குக் குடும்பத்துப் பெண். கெமிஸ்ட்ரி படித்தவர், என்னைவிட மூன்று வயது சின்னவர், உயரம் என் தோளுக்குக் கொஞ்சம் மேலே. அந்த அறையில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. தப்பு கண்ணில் பட்டால் கையைத் துடைத்துக்கொண்டு, தன் வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சொல்வதைப் போல, "ஏகாம்பரம், டீ சாப்பிட்டு வாங்க" என்பார். அவ்வளவுதான். நான் முதல் தடவை நிஜமாகவே உபசாரம் என்று நினைத்து, "உங்களுக்கும் வாங்கியாரட்டுமா மேடம்?" என்று கேட்டுத் தொலைத்தேன். திரும்பி வந்து பார்த்தால் நான் அன்று காலை முழுக்க மருந்து நிரப்பி வைத்த ஐம்பது கூடுகளும் காலியாகத் தலைகீழாக நின்றுகொண்டிருந்தன. மருந்து திரும்ப டப்பாவுக்குப் போயிருந்தது. என்ன தப்பு என்று சொல்ல மாட்டார். கண்டுபிடிக்க வேண்டியது நம் வேலை. ஒரு நாள் ஒன்பது டீ குடித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

பித்தளை விஷயத்தில் அவர் படுத்திய பாடு இருக்கிறதே! சுட்ட கூடு சும்மா இருக்காது. சூட்டில் உப்பியிருக்கும், கழுத்து நீண்டிருக்கும், அடியில் கரி பிடித்திருக்கும். கழுவிக் காயவைத்து, வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்க்க வேண்டும். கழுத்தில் முடி அளவு கீறல் இருந்தாலும் தள்ளு. அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தால் தள்ளு. அந்த இடத்தில் பித்தளை உள்ளே மெலிந்துவிட்டது என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரியாவிட்டால், முனை வளைத்த கம்பியை உள்ளே விட்டு மெல்லச் சுரண்ட வேண்டும். பள்ளம் இருந்தால் விரலுக்குத் தட்டும். தேறியதை அச்சில் கொடுத்துப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, நீண்ட கழுத்தை வெட்டி, வெட்டிய விளிம்பில் பிசிர் எடுத்து, அடியில் புது கேப் வைக்க வேண்டும். பிள்ளைகள் தீபாவளிக்கு வெடிக்கிற பொட்டு வெடியின் பெரியப்பா மாதிரி இருக்கும் இந்த கேப்.

இவ்வளவும் ஆன பிறகு ஒவ்வொரு கூட்டையும் எடை போட்டு, ஒரே எடை உள்ளவற்றை மட்டும் ஒரு கூட்டமாகச் சேர்க்க வேண்டும். குண்டுகளையும் அப்படியே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மருந்தை நிறுத்தா நியாயம் மேடம். வெறும் பித்தளையப் போய் எதுக்கு நிறுத்துக்கினு?" என்று கேட்டேன். "ஒரு நாள் தெரியும்" என்றார். தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

புது டப்பா மருந்து வந்தால் அதை நம்பவே கூடாது. புத்தகத்தில் போட்டிருக்கும் அளவுக்கு நன்றாகக் கீழே ஆரம்பித்து, படிப்படியாக ஏற்றி, படிக்கு ஐந்து தோட்டா செய்து சுட்டுப் பார்க்க வேண்டும். வேகம் காட்டும் கருவியில் எண்ணைப் பார், வெளியே விழுந்த கூட்டைப் பார், துப்பாக்கியின் தாழ்ப்பாளான போல்ட்டைத் திறக்கும்போது முரண்டு பிடிக்கிறதா பார். போல்ட் இறுகினாலோ, கேப் நசுங்கியிருந்தாலோ மருந்து கூடிவிட்டது என்று அர்த்தம். எந்தப் படியில் குண்டுகள் இலக்கு அட்டையில் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாகப் போய் உட்காருகின்றனவோ, அங்கே நின்றுவிட வேண்டும். "அதுக்கு மேல போனா வேகம் வரும், புத்தி போயிடும்" என்பார் மேடம். சில துப்பாக்கிகள் நல்ல பிள்ளைகளாக நடு அளவிலேயே நின்றுவிடும். சில, ஆபத்தின் வாசற்படி வரைக்கும் போய்த்தான் நிற்கும்.

என் தோட்டாக்களில் ஒரு விசித்திரம் இருந்தது. மேடம் நிரப்பியவற்றைவிட எல்லாமே கொஞ்சம் வேகமாகப் போயின. முன்னே பின்னே போனால் கை நடுக்கம் எனலாம். எல்லாமே ஒரே பக்கமாகக் கூடுதல். மேடம் தராசைச் சோதித்தார், எடைக்கற்களைச் சோதித்தார். கடைசியில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்து என்னைச் சோதித்தார்.

"எண்ணிக்கினே போடுங்க" என்றார்.

"லாபம், ரெண்டு, மூணு..." என்று ஆரம்பித்தேன்.

"ஒண்ணு எங்க?"

"முதல் அளவை ஒண்ணுன்னு சொல்லக் கூடாதுங்க மேடம். லாபம்னுதான் சொல்லணும். நெல்லு அளக்கறப்போ அப்டித்தான்."

அதைக் கூட அவர் பொறுத்துக்கொண்டார். அப்புறம் என் கண்ணைப் பார்த்தார். "ஏகாம்பரம், நீங்க தராசைப் பாக்கல. என் மூஞ்சியைப் பாக்கறீங்க." தட்டு ஒரு மயிரிழை தாழ்ந்திருந்தது. முள் நடுக்கோட்டைத் தாண்டி நின்றது. எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அப்பாவையும் கடையையும் சொல்லி, கொசுறு போட்டே பழகிய கை என்று ஒப்புக்கொண்டேன். மேடம் முகத்தில் சிரிப்பு வந்து, வந்த வழியே போனது.

"யாருக்கு கொசுறு? துப்பாக்கிக்கா? அது வாங்கிக்கினு வாழ்த்திட்டுப் போகாதுங்க. திருப்பி உங்க மூஞ்சிலயே குடுக்கும். டீ சாப்பிட்டு வாங்க."

டீ குடித்துவிட்டு வந்தபோது தராசுக்கு மேலே சுவரில் ஓர் அட்டை தொங்கியது. மேடத்தின் குண்டு குண்டான கையெழுத்தில் 'கொசுறு கிடையாது' என்று எழுதியிருந்தது. அடுத்த வருஷம் சோதனைக்கு வந்த அதிகாரி அதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, இங்கே காய்கறியும் விற்கிறீர்களா என்று கேட்டார். அந்த அட்டை இன்றும் அங்கேதான் இருக்கிறது. அதற்குக் கீழே உட்கார்ந்து இருபது வருஷம் நான் தராசை மட்டுமே பார்த்தேன். கை திருந்திவிட்டது என்று நானும் நம்பினேன், மேடமும் நம்பினார்.

அந்த நம்பிக்கைக்கு வேட்டு வைத்தவர் மாணிக்கம். செல்வியின் அப்பா. பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறவர்.

செல்விக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கல்லூரியில் விளையாட்டாகச் சுடத் தொடங்கி, எங்கள் கிளப்பில் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டிருந்தாள். போல்ட்டை இரண்டு விரலால், பூப்பறிப்பது போலத் தூக்குவாள். மாநில அணிக்கான தேர்வு அந்த மே மாதம் எங்கள் மைதானத்திலேயே நடக்க இருந்தது. வீட்டில் ஏற்கெனவே ஒரு வரன் பேசிவைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் துப்பாக்கியைக் கையால் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் பயந்ததிலும் நியாயம் இருக்கிறது. மாணிக்கம் மகளிடம், "இந்த ஒரு வாட்டி பாரு. பட்டியல்ல பேர் வந்தா அவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். வரலைன்னா ஆவணியில கல்யாணம்" என்று கறாராகச் சொல்லியிருந்தார். ஆக, அவள் எதிர்காலம் முழுக்க என் ஐம்பது தோட்டாவுக்குள் இருந்தது.

அவளுக்குக் கிடைத்திருந்த துப்பாக்கியோ வாசற்படி ஜாதி. தை மாதம் சோதித்துப் பார்த்தபோது, உச்ச அளவுக்குக் கொஞ்சமே கொஞ்சம் கீழே வந்துதான் குண்டுகளை ஒரே இடத்தில் வைத்தது. மேடம் யோசித்தார். "வெயில் காலத்துல இந்த மருந்து இன்னும் சூடா வேலை செய்யும். இதே அளவு தாங்கும். இதுக்கு மேல ஒரு துகள் கூடாது" என்று சொல்லி அளவை எழுதிக் கொடுத்தார்.

தேர்வுக்கு முதல் நாள் பிற்பகல், மேடம் ஏற்பாட்டுக் கூட்டத்துக்கு அலுவலகத்துக்குப் போய்விட்டார். நான் தனியாக உட்கார்ந்து நிரப்பிக்கொண்டிருந்தேன். இருபத்தொன்று ஆனபோது கதவு தட்டப்பட்டது. மாணிக்கம். கையில் மந்தாரை இலைப் பொட்டலம், உள்ளே கோயில் இட்லி. சுக்கும் மிளகும் சேர்ந்த வாசனை வெளி ஆள் அனுமதி இல்லை என்கிற விதியைத் தூக்கி அடித்துவிட்டது. சரி, ஒரு மூலையில் உட்காருங்கள் என்றேன். அவர் மூலையில் உட்காரவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தராசுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் பார்த்தார். வாழ்நாள் முழுக்கப் பட்டும் சரிகையும் அடுத்தவர் தராசில் நிறுத்து வாங்கியவர். தராசைக் கண்டால் அவருக்குப் பேசாமல் இருக்க முடியாது.

"ஏம்பா, தட்டு கொஞ்சம் தாழட்டுமே. எம்பொண்ணு காரியமாச்சே" என்றார்.

"இது பருப்பு இல்லீங்க" என்று சிரித்துவிட்டு, சுவரில் இருந்த அட்டையைக் காட்டினேன். அவரும் சிரித்தார். வாய் சரியாகத்தான் சொன்னது. கைதான் கேட்கவில்லை. எதிரே ஒரு முகம். மகளுக்காகப் பயந்துபோன ஒரு தகப்பன் முகம். அது மலர வேண்டும் என்று எட்டு வயசுக் கை என்னைக் கேட்காமலே எழுந்து வேலை செய்திருக்கிறது. கூடுகளுக்குள் டார்ச் அடித்து மருந்தின் மட்டம் பார்த்தேன். அந்தச் சிட்டிகை டார்ச்சுக்குத் தெரியாது. குண்டு பொருத்தி ஐம்பதையும் பெட்டியில் அடுக்கினேன். மறுநாள் காலையில் அதிகாரிகள் சோதித்து முத்திரை வைத்தார்கள். அந்தப் பெட்டியில் இருந்து எடுத்துத்தான் சுட வேண்டும், வெளியிலிருந்து ஒன்று கூடச் சேர்க்கக் கூடாது என்பது விதி.

கத்திரி வெயில். மண் கொதித்தது. செல்வி படுத்து, குறி சரிபார்க்க அனுமதிக்கிற, கணக்கில் சேராத முன்சூடுகளை ஆரம்பித்தாள். நான் பார்வையாளர் கயிற்றுக்குப் பின்னால் தொலைநோக்கியோடு நின்றேன். பக்கத்தில் மாணிக்கம், கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். முதல் சூடு போனது. போல்ட்டைத் தூக்க இரண்டு விரல் போதாமல் மூன்றாவது விரலையும் சேர்த்தாள். வெயிலில் விரல் வழுக்கியிருக்கும் என்று நினைத்தேன். இரண்டாவது சூட்டுக்கு முழுக் கையும் வேண்டியிருந்தது. மூன்றாவதுக்கு உள்ளங்கையால் கீழிருந்து மேலாகத் தட்டித் திறந்தாள். கூடு துள்ளி வந்து கயிற்றுக்குப் பக்கத்தில் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். கேப் அம்மியில் வைத்து நசுக்கியது போலத் தட்டையாகியிருந்தது. அடியில், இருக்கக் கூடாத இடத்தில் ஒரு பளபளப்பு.

திரும்பி மாணிக்கத்தின் முகத்தைப் பார்த்தேன். நேற்று எதிரே உட்கார்ந்திருந்த அதே முகம். என் கை செய்த காரியம் அப்போதுதான் புரிந்தது. பெட்டியில் கடைசி வரிசையிலிருந்து எடுத்துச் சுடுகிறாள். அதெல்லாம் இவர் எதிரே நான் நிறுத்தியவை. நாலாவது சூடு என்ன செய்யும்? ஒன்றும் செய்யாமலும் போகலாம். கூடு கிழிந்து, கொதிக்கிற புகை அவள் வலது கண்ணுக்கே திரும்பி வரவும் செய்யலாம். சொன்னால் அவள் தேர்வு போகும், என் பேர் போகும். சொல்லாவிட்டால் கண். நான் பெரிய நியாயவான் என்று நினைக்காதீர்கள், இதையெல்லாம் ஒரு நொடி எடை போடத்தான் செய்தேன். அந்தத் தராசும் என் பக்கம்தான் தாழப் பார்த்தது. அவள் நாலாவது தோட்டாவை உள்ளே தள்ளினாள்.

'நிறுத்து' என்று கத்த வேண்டும். கத்தினால் எல்லோரும் நிறுத்துவார்கள், அதுதான் விதி. ஆனால் பதற்றத்தில் அந்தச் சொல் வரவில்லை. இருபது வருஷமாகத் தப்பு என்றால் எனக்குத் தெரிந்த ஒரே சொல்தான் வந்தது.

"செல்வி! டீ சாப்பிட்டு வா!"

மைதானமே திரும்பியது. "யோவ், இன்னாய்யா இது? போட்டி நடக்கறப்போ டீயா?" என்று ஓர் அதிகாரி பாய்ந்து வந்தார். யாரோ சிரித்தார்கள். மாணிக்கம், "ஏம்பா, அவ டீயே குடிக்க மாட்டாளே" என்றார். மருந்து அறைப் பேச்சு தெரிந்த செல்வி மட்டும் சிரிக்கவில்லை. விசையிலிருந்து விரலை எடுத்தாள், தோட்டாவை வெளியே எடுத்தாள், துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

அதிகாரிகள் முன்னால், மேடம் முன்னால், மாணிக்கம் முன்னால் சொன்னேன். "என் கை தப்பு. மருந்து கூடப் போட்டுட்டேன். இருபத்தொண்ணு வரைக்கும் சரியா இருக்கும். அப்பறம் கொசுறு." மாணிக்கத்துக்கு மெல்ல விஷயம் உறைத்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். மேடம் என்னைத் திட்டவில்லை. டீ குடிக்கவும் சொல்லவில்லை. அதிகாரியிடம் போய், பெட்டியில் எதையும் சேர்க்க மாட்டோம், கழிக்க மட்டும் அனுமதி வேண்டும் என்று கேட்டார். அடுத்த பேட்சில் சுடட்டும், அதுவரை உங்கள் நேரம் என்றார்கள்.

மூடிய தோட்டாவுக்குள் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சாதாரணமாக முடியாது. பித்தளை ஒன்று முன்னே பின்னே இருக்கும், குண்டு ஒன்று முன்னே பின்னே இருக்கும், மருந்தின் வித்தியாசம் அதில் மறைந்துவிடும். ஆனால் எங்கள் அறையில் பித்தளையும் ஒரே எடை, குண்டும் ஒரே எடை! வித்தியாசம் என்று ஒன்று இருந்தால் அது மருந்தாக மட்டும்தான் இருக்க முடியும். மருந்து அறைக்குப் போனதும் மேடம் மின்விசிறியை நிறுத்தினார். ஓர் அதிகாரி காவலுக்கு நிற்க, நாற்பத்தேழு தோட்டாவையும் ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்தேன். வியர்வை தட்டில் விழாமல் இருக்க மேடம் தன் கைக்குட்டையால் என் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். முள் நடுக்கோட்டில் நின்றவை ஒரு பக்கம், தாண்டியவை இன்னொரு பக்கம். முடிந்து எண்ணினோம். சரியானவை இருபத்தொன்று.

"லாபம்" என்றார் மேடம், மெதுவாக.

தேர்வுக்கு இருபது சூடு. ஆக, குறி சரிபார்க்க அவளுக்கு ஒன்றே ஒன்று. மற்றவர்கள் பத்து, பன்னிரண்டு என்று சுட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்வி அந்த ஒன்றைச் சுட்டாள், தொலைநோக்கியில் ரொம்ப நேரம் பார்த்தாள், குறித் திருகை இரண்டு சொடுக்கு திருப்பினாள், படுத்தாள். அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை. போல்ட்டின் சத்தத்தை மட்டும் கேட்டேன். இருபது தடவையும் இரண்டு விரல் சத்தம்தான்.

சாயங்காலம் பட்டியலை ஒட்டினார்கள். அணிக்கு ஐந்து பெயர். செல்வியின் பெயர் அந்த ஐந்தில் இல்லை. அப்புறம்தான் ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே இன்னொரு பெயர் இருப்பதைப் பார்த்தேன். யாராவது வர முடியாமல் போனால் சேர்த்துக்கொள்ள ஒரு மாற்று ஆள். அவளும் அணியோடு பயிற்சிக்குப் போவாள், எல்லா ஊருக்கும் போவாள். செல்வி.

மாணிக்கம் அந்தக் கோட்டைப் பார்த்தார், அதன் கீழே மகள் பெயரைப் பார்த்தார். "அஞ்சு பேரு. அப்பறம் மேல ஒண்ணு" என்று விரல் விட்டு எண்ணினார். என் பக்கம் திரும்பினார். அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

"நான் கேட்ட கொசுறு கெடச்சிடுச்சுபா" என்றார். சொல்லிவிட்டு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், வெட்கமென்ன. செல்விதான் எங்கள் இருவரையும் பார்த்து, "ஐயோ, எனக்குக் கண்ணு ரெண்டும் நல்லாத்தான் இருக்குது, வாங்க" என்று இழுத்துக்கொண்டு போனாள். மாப்பிள்ளை வீட்டாருக்கு மாணிக்கம் சொன்னபடியே பதில் சொல்லிவிட்டார்.

எல்லோரும் போன பிறகு நான் மருந்து அறைக்குத் திரும்பி, ராஜினாமா எழுத ஒரு தாள் தேடிக்கொண்டிருந்தேன். மேடம் வாசலில் வந்து நின்றார்.

"ஏகாம்பரம், வாங்க. டீ சாப்பிடலாம்."

எனக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று இருந்தது. சாப்பிட்டு வாங்க இல்லை, சாப்பிடலாம். இருபது வருஷத்தில் மேடம் அந்த டீக்கடைக்கு வந்ததே இல்லை. கன்னியப்பன் எங்கள் இருவரையும் சேர்ந்தாற்போல் பார்த்ததும் குழம்பிப்போய், பெஞ்சைத் துண்டால் மூன்று தடவை துடைத்தான்.

"இன்னிக்கி யாரு மேடம் தப்பு பண்ணது?" என்று கேட்டான்.

"ரெண்டு பேரும்" என்றார் மேடம். "இவர் கொசுறு போட்டார். நான் இவரத் தனியா விட்டுட்டுக் கூட்டத்துக்குப் போனேன்."

கன்னியப்பன் இரண்டு டீ ஆற்றிக் கொடுத்தான். மேடம் பாதி குடித்ததும் கேட்காமலே அவர் கிளாசில் இன்னும் கொஞ்சம் ஊற்றினான். நான் மேடத்தின் முகத்தைப் பார்த்தேன். அவர் கிளாசை நகர்த்தாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.